தண்ணீர் வரும் ஊரில் ஒரு சமையலறை

புதுச்சேரியில் வீட்டு உள் அலங்கார வேலை எடுத்துச் செய்யும் ஒரு நிறுவனத்தில் இளமதி ஐந்து வருடம் வேலை பார்த்தாள். பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்தவள். கம்ப்யூட்டரில் படம் வரைவது அவள் வேலை. அளவுகள் ஒரு தாளில் வந்து சேரும். அவள் கட்டிலையும் அலமாரியையும் சமையலறையையும் வரைந்து அனுப்பிவிடுவாள். எந்த வீட்டுக்குள்ளும் போய்ப் பார்த்ததில்லை.

ஒருநாள் வேலைக்கு ஆள் இல்லையென்று ஒரு படத்தை அவளையே எடுத்துப் போகச் சொன்னார்கள். அவள் ஏற்கெனவே வரைந்து, வேலையும் முடிந்து, ஆட்கள் குடியேறியிருந்த வீடு அது. மாடி அறைக்கு மட்டும் புதுப் படம். அந்த வீட்டு அம்மாள் கீழே படுக்கையறையில் அலமாரியைத் திறப்பதை இளமதி வாசலில் நின்று பார்த்தாள். கட்டிலின் மேல் ஏறி உட்கார்ந்து, காலை மடக்கிக்கொண்டு, கதவை மெல்ல இழுத்தாள் அந்த அம்மாள். அப்படியும் கதவு கட்டிலில் இடித்துப் பாதியில் நின்றது.

"இத யாரு வரைஞ்சாங்களோ தெரியல" என்றாள் அந்த அம்மாள்.

"நான்தாங்க வரைஞ்சேன்" என்று சொன்னாள் இளமதி. அந்த அம்மாள் கதவை விட்டுவிட்டுக் கட்டிலிலிருந்து இறங்கினாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் கடலூர் பஸ்ஸில் உட்கார்ந்து வரும்போது, அந்த அறையை ஒரே ஒரு தடவை நேரில் பார்த்திருந்தால் இப்படி வரைந்திருப்போமா என்று யோசித்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் கணவன் சிலம்பரசனிடம் பேச்சை எடுத்தாள். அவன் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் ஃபிட்டர்.

"மாமா, நான் சொந்தமா பண்ணலாம்னு பாக்குறேன்."

"என்னா பண்ணப் போற?"

"இதே வேலைதான். ஆனா நானே வீட்டுக்குப் போயி பாத்து, நானே வரைஞ்சி, ஆள வெச்சி செஞ்சி குடுக்கறது."

"கடலூர்ல அதுக்கெல்லாம் ஆளு வருமா?"

"தெரியல மாமா."

அவன் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த கரும்புத் தூசியைத் தட்டினான். "சரி. அரவை முடியட்டும். முன் ரூமுக்கு நானே பெயின்ட் அடிச்சித் தர்றேன்" என்றான்.

2006-ஆம் வருடம் சித்திரையில் கடலூர் புதுப்பாளையத்தில் அவர்கள் வீட்டு முன்னறையில் 'இளமதி இன்டீரியர்ஸ்' என்று போர்டு மாட்டினார்கள். முதல் இரண்டு மாதமும் ஆள் வராமல் இல்லை. வந்தவர்கள் வேறு வேறு வேலைக்கு வந்தார்கள். கல்யாண அலங்காரக் கடை என்று நினைத்து ஒருவர் மைக்செட் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டார். இன்னொருவர் வரவேற்பு மேடைக்கு என்ன ரேட் என்றார்.

மாமியார் மங்கலம் வீடு வீடாகப் போய்த் தவணைக்குப் புடவை விற்பவள். கடலூரில் அவளுக்குத் தெரியாத தெரு கிடையாது. புடவை மூட்டையைப் பிரிக்கும் இடத்திலெல்லாம் மருமகள் புகழையும் சேர்த்துப் பிரித்தாள். "எங்க மருமவ வீட்ட உள்ளாறயே மாத்திப்புடுவா" என்று அவள் சொன்னதைக் கேட்டு, மகளுக்கு வரன் தள்ளிப்போகிறது, வாசலை எந்தப் பக்கம் மாற்றினால் நல்லது என்று கேட்டுக்கொண்டு ஒரு குடும்பமே கிளம்பி வந்துவிட்டது. அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்புவதற்குள் இளமதிக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

"அத்தை, வாஸ்து இல்ல. டிசைன்னு சொல்லுங்க."

"டிசைன்னா புடவ டிசைனான்னு கேக்குறாளுங்கடி. நான் என்னா பண்ண?"

ஆனாலும் முதல் வேலை மங்கலத்தின் புடவை மூட்டை வழியாகத்தான் வந்தது. முதுநகரில் சவரியம்மாள் என்றொரு ஓய்வுபெற்ற நர்ஸ். மகன் குவைத்தில் இருந்தான். அம்மாவுக்கு மாடுலர் கிச்சன் போட வேண்டுமென்று பணம் அனுப்பி, எப்படி இருக்க வேண்டுமென்று ஒரு படமும் அனுப்பியிருந்தான். நடுவில் ஒரு மேடை, அதைச் சுற்றி உயரமான ஸ்டூல்கள்.

இளமதி போய் ஒரு நாள் காலை முழுக்க அந்தச் சமையலறையில் ஒரு ஓரமாக நின்றாள்.

"என்னாம்மா, அளவு எடுக்காம என் மூஞ்சியவே பாத்துக்கினு இருக்க?" என்றாள் சவரியம்மாள்.

"நீங்க சமைக்கறத பாக்குறேம்மா."

சவரியம்மாள் மீன் வாங்கி வந்திருந்தாள். அதை ஆய்வதற்குப் பின்வாசலில் படியிறங்கிப் போய்த் தரையில் அரிவாள்மனையோடு உட்கார்ந்தாள். உட்காரும்போது ஒரு கையால் சுவரைப் பிடித்தாள். எழுந்திருக்கும்போது இரண்டு கையாலும் பிடித்தாள். தண்ணீருக்கு ஒரு தடவை, உப்புக்கு ஒரு தடவை, பூனையை விரட்ட ஒரு தடவை என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். மகன் அனுப்பிய படத்தில் இதற்கெல்லாம் இடமே இல்லை.

இளமதி வரைந்த சமையலறையில் அடுப்பு மேடை, அலமாரிகளோடு, பின்கதவு ஓரமாக முழங்கால் உயரத்துக்கு அகலமான ஒரு கல் மேடையும் இருந்தது. அதில் ஏறி அரிவாள்மனையோடு உட்காரலாம். பக்கத்திலேயே குழாய். கழுவிய தண்ணீர் நேரே வெளியே போகும்.

வேலைக்கு வண்டிப்பாளையத்திலிருந்து தேவநாதன் என்ற தச்சரைப் பிடித்தாள். நல்ல வேலைக்காரர். ஆனால் படத்தைக் காட்டி எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்பார். அவள் பஸ் ஏறியதும் தன் மனதில் இருப்பதைச் செய்வார். சாமான் வைக்கும் தட்டுகளைத் தன் கை எட்டும் உயரத்துக்கு அடித்துவிட்டார். இளமதி சண்டை போடவில்லை. சவரியம்மாளைக் கூப்பிட்டு, மேல் தட்டிலிருந்து குக்கரை எடுக்கச் சொன்னாள். சவரியம்மாள் நுனிக்காலில் நின்று பார்த்தாள். விரல் நுனிகூட எட்டவில்லை.

"எனக்கு ஏணியும் சேத்து செஞ்சி குடுத்துடுங்க" என்றாள் சவரியம்மாள்.

தேவநாதன் முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கழற்றி இறக்கினார். அதற்கப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும், வேலை ஆரம்பிக்கும்முன் அந்த வீட்டில் சமைப்பவரைச் சுவரோரம் நிறுத்திப் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்வது அவர்கள் இருவருக்கும் வழக்கமாகிவிட்டது.

கல் மேடையைப் பற்றிக் கேள்விப்பட்டு மகன் குவைத்திலிருந்து போனில் சத்தம் போட்டான். "மாடுலர் கிச்சன் போடச் சொன்னா மீன் மார்க்கெட்டு மேடை கட்டி வெச்சிருக்கீங்க?" இளமதி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் சவரியம்மாள் போனை வாங்கிக்கொண்டாள். "டேய், சமைக்கறது நீயா நானா? அவ ஒருத்திதாண்டா என் முட்டிய பாத்தா. லீவுல வந்து நீயும் அதுல உக்காந்து பாரு, அப்பறமா பேசு."

அதற்கப்புறம் வேலைகள் ஒவ்வொன்றாக வந்தன. மஞ்சக்குப்பத்தில் ஒரு வக்கீல் வீட்டுக்குப் புத்தக அலமாரி, செம்மண்டலத்தில் ஒரு பல் டாக்டரின் சிறிய கிளினிக், நெல்லிக்குப்பத்தில் சிலம்பரசனோடு வேலை பார்ப்பவர்களின் வீடுகள். 2008-இல் சிதம்பரத்திலிருந்து ஒரு பெரிய வேலை வந்தது. அமிர்தம் என்ற கல்லூரி நூலகரும் அவள் கணவர் கலியமூர்த்தியும் புது வீடு கட்டியிருந்தார்கள். கலியமூர்த்தி உரக்கடை வைத்திருந்தார். தரைத்தளம் முழுவதும் இளமதியின் பொறுப்பு. கூடம், சமையலறை, இரண்டு படுக்கையறைகள்.

அந்த வேலைக்கு இளமதி தன்னிடம் இருந்த திறமையையெல்லாம் கொட்டினாள். புதுச்சேரி நிறுவனத்தில் கோடி வீட்டுக்காரர்களுக்கு வரைந்த மாதிரி, தரையிலிருந்து விட்டம் வரை ஒரே மரப்பலகையாகத் தெரியும் அலமாரிகள். கைப்பிடி வெளியே தெரியாது. ஆவணியில் குடிபோனார்கள். வந்தவர்கள் எல்லாரும் தடவித் தடவிப் பார்த்தார்கள். இளமதி போட்டோகிராபரை வரவழைத்துப் படம் எடுத்து ஆல்பம் போட்டாள். இனி யாராவது மைக்செட் கேட்டு வந்தால் அந்த ஆல்பத்தைக் காட்டிக்கொள்ளலாம் என்று சிலம்பரசன் கேலி செய்தான்.

நவம்பர் கடைசியில் மழை பிடித்தது. விடாமல் கொட்டியது. சிதம்பரத்தைச் சுற்றிலும் வயலும் சாலையும் ஒன்றாகிவிட்டன. அமிர்தத்தின் தெருவுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதாகத் தகவல் வந்தது. போன் கிடைக்கவில்லை. மழை விட்டதும் இளமதி தேவநாதனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். பஸ் பாதி வழியோடு நின்றுவிட்டது. ஒரு டிராக்டரில் ஏறி, அதற்கப்புறம் நடந்து, அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

கூடத்தில் சேறு. சுவரில் இடுப்பு உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கோடு. அலமாரிகள் ஊறி உப்பி, ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. மேலே ஒட்டிய சன்மைக்கா பிய்ந்து சுருண்டிருந்தது. அமிர்தம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"வா இளமதி. கப்போர்ட தொறக்க முடியல. என் கல்யாணப் புடவ உள்ள இருக்கு."

தேவநாதன் கடப்பாரையால் நெம்பினார். தன் கையால் இழைத்த கதவு இரண்டாகப் பிளந்து வந்தபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே புடவை சேற்றில் ஊறி ஒரு மூட்டையாகக் கிடந்தது. அமிர்தம் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பேசியது கலியமூர்த்திதான்.

"வெளியூர்க்காரங்க செஞ்சிருந்தா நான் கேக்க மாட்டேம்மா. நீ கீரப்பாளையத்துப் பொண்ணு. ஐப்பசி கார்த்திகையில இங்க தண்ணி வரும்னு ஒனக்குத் தெரியாதா?"

இளமதிக்குத் தெரியும். அதுதான் அவளை அடித்தது. சிதம்பரத்துக்குப் பக்கத்தில் கீரப்பாளையத்தில் அவள் பிறந்த வீட்டில் ஐப்பசி பிறந்தால் அரிசி மூட்டையிலிருந்து பள்ளிக்கூடப் பை வரைக்கும் பரணுக்கு ஏறிவிடும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவ்வளவும் தெரிந்திருந்தும், சிதம்பரத்துக்குப் புதுச்சேரி வீட்டை வரைந்திருந்தாள். சவரியம்மாள் வீட்டில் ஒரு காலை முழுக்க நின்று பார்த்தவள், இந்த வீட்டில் ஆட்களைப் பார்த்தாளே தவிர ஊரைப் பார்க்கவில்லை.

"தெரியும் சார். யோசிக்காம விட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

செய்தி பரவியது. பேசி வைத்திருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டார்கள். மார்கழி முழுக்க முன்னறையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அந்தச் சமயம் பார்த்துப் புதுச்சேரி நிறுவனத்திலிருந்து போன் வந்தது. வரைபவர்களுக்கெல்லாம் தலைமையாக ஒரு இடம் இருக்கிறது, வருகிறாயா என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

"ஒனக்கு என்னா தோணுது?" என்று கேட்டான் சிலம்பரசன்.

"அங்க போனா மாசாமாசம் சம்பளம் வந்துடும் மாமா. ஆனா அமிர்தக்கா வீட்ட அப்பிடியே உட்டுட்டுப் போன மாதிரி ஆயிடும்."

"அப்ப மொதல்ல அத முடி. அப்பறமா போறதா இருந்தா போ."

தை மாதம் ஒரு புதுப் படத்தோடு சிதம்பரம் போனாள். கலியமூர்த்தி கேட்டைத் திறக்காமல் உள்ளேயே நின்றுகொண்டு, "இனிமே இந்த வூட்டுக்குள்ள மரமே வேணாம்" என்றார். அமிர்தம் பின்னாலிருந்து வந்து கேட்டைத் திறந்தாள். "படத்தப் பாக்கறதுக்கு என்னா? பாத்துட்டு வேணாம்னு சொல்லலாம்."

சுவரில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் இருந்தது. இளமதி படத்தைத் தரையில் விரித்தாள். அந்தக் கோட்டுக்குக் கீழே மரமே கிடையாது. செங்கல், கடப்பா கல், கிரானைட், எவர்சில்வர் கால்கள், அவ்வளவுதான். அதற்கு மேலேதான் பலகை. அலமாரிகளெல்லாம் சுவரில் தொங்கும். ப்ளக் பாயின்டுகளும் கோட்டுக்கு மேலே. கீழே கல் தட்டுகளில் பாத்திரமும் அண்டாவும் போல நனைந்தால் கெடாத சாமான்கள் மட்டும். புடவைக்கும் புத்தகத்துக்கும் மேல் வரிசை.

"அடுத்த தடவ தண்ணி வந்தா?" என்று கேட்டார் கலியமூர்த்தி.

"எதையும் தூக்கிக்கிட்டு ஓட வேணாம் சார். தண்ணி வடிஞ்சதும் கழுவி உட்டா போதும்."

"பாக்க முன்ன மாதிரி இருக்காதே."

"இருக்காது. வேற மாதிரி இருக்கும். பிடிக்கலன்னா நான் கெளம்பறேன்."

அவர் அமிர்தத்தைப் பார்த்தார். அமிர்தம் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இந்த ஜன்னல் பக்கத்துல ஒரு உக்கார்ற எடம் வெக்கலாமா? கல்லுலயே? நான் படிக்கறதுக்கு" என்று கேட்டாள். வேலை அப்படித்தான் மறுபடி ஆரம்பித்தது. ஆட்கூலியை இளமதி தானே ஏற்றுக்கொண்டாள். புதுச்சேரிக்கு வரவில்லை என்று அன்று சாயங்காலமே போன் செய்து சொல்லிவிட்டாள். சிலம்பரசனிடம் அதை மறுநாள்தான் சொன்னாள். அவன் ஏற்கெனவே அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தான், "அவ போவ மாட்டா" என்று.

அந்த வீடு முந்தைய வீட்டைப் போல் பளபளக்கவில்லை. கறுப்புக் கல்லும் வெளிறிய மரமுமாக, வெயில் நேரத்தில் காலை வைத்தால் சில்லென்றிருந்தது. ஜன்னலோரக் கல்லில் உட்கார்ந்து படித்தாள் அமிர்தம்.

இரண்டு வருடம் கழித்து, 2010 கார்த்திகையில் மறுபடி அந்தத் தெருவில் தண்ணீர் ஏறியது. கூடத்துக்குள் முழங்கால் அளவுக்கு நின்றது. இளமதி இரண்டு நாளும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அமிர்தம் கூப்பிட்டாள்.

"கழுவி உட்டுட்டேன்" என்றாள்.

"ஒன்னும் ஆவலியா அக்கா?"

"என்னா ஆவும்? தொடப்பந்தான் தேஞ்சிபோச்சி. அவரு பக்கத்து வூட்டுக்காரர கூட்டிக்கினு வந்து சுத்திக் காட்டிக்கினு இருக்காரு. ஏதோ அவரே படம் போட்ட மாதிரி பேச்சு."

இளமதி போனை வைத்துவிட்டு மங்கலத்தைக் கட்டிக்கொண்டாள். "என்னாடி, என்னாடி" என்று மங்கலம் பதறினாள்.

அந்தத் தெருவிலேயே அதற்கப்புறம் நான்கு வீடுகள் செய்தாள். பரங்கிப்பேட்டையிலிருந்தும் கூப்பிட்டார்கள். முதலில் என்ன நிறம் என்று கேட்கிறவளாக இருந்தவள், இப்போது முதலில் தண்ணீர் எதுவரை வரும், உப்புக்காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும், கரன்ட் போனால் எந்த ஜன்னலைத் திறப்பீர்கள் என்று கேட்டாள். தேவநாதனிடம் மூன்று ஆட்கள் சேர்ந்திருந்தார்கள். அவர் இன்னமும் "சரிம்மா, சரிம்மா" என்றுதான் சொல்வார். ஆனால் இரண்டாவது "சரிம்மா"வுக்கு அப்புறம் ஒரு கேள்வியும் கேட்பார்.

2011 டிசம்பர் முப்பதாம் தேதி விடியற்காலையில் தானே புயல் கடலூரைச் சுழற்றியடித்தது. புதுப்பாளையத்தில் மாடி ஷீட்டும் வாசல் போர்டும் பறந்துவிட்டன. மழை உள்ளே அடித்துக் கம்ப்யூட்டர் நனைந்துபோனது. வெளியே வந்து பார்த்தால் தெருவில் ஒரு மரம் நிமிர்ந்து நிற்கவில்லை. வண்டிப்பாளையத்தில் தேவநாதன் வீட்டுக் கூரை முழுசாகப் போய்விட்டது. குடும்பத்தோடு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்.

போன் வேலை செய்ய ஆரம்பித்ததும் இளமதிக்கு அழைப்பு மேல் அழைப்பு. சீலிங் விழுந்துவிட்டது, ஜன்னல் பெயர்ந்துவிட்டது, உடனே வா என்று எல்லாரும் கூப்பிட்டார்கள். அவள் ஒவ்வொருவரிடமும் ஒரே பதிலைச் சொன்னாள். "ஒரு வாரம் பொறுங்க. எங்க ஆளுக்கே வீடு இல்ல. மொதல்ல அத முடிச்சிட்டு வர்றோம்." சிலர் கோபித்துக்கொண்டார்கள். மஞ்சக்குப்பம் வக்கீல் மட்டும் திட்டிவிட்டு, சாயங்காலம் தன் வீட்டில் மிச்சமிருந்த இரும்புக் குழாய்களை வண்டியில் ஏற்றி அனுப்பினார். சிலம்பரசன் அரவைக்கு நடுவே இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வந்து கூரைச் சட்டங்களை வெல்டிங் வைத்தான். வெல்டிங்குக்கு ஜெனரேட்டரைத் தேடிப் பிடித்தவள் மங்கலம். புடவை வாடிக்கைக்காரி ஒருத்தியின் வீட்டில் கல்யாணத்துக்கு எடுத்து வைத்திருந்தது அது.

கரன்ட் வர வாரக்கணக்கானது. அதுவரை இளமதி பகல் வெளிச்சத்தில் பென்சிலாலேயே படம் போட்டாள். கையால் வரைந்து வெகு காலமாயிருந்தது. கோடு முதலில் நடுங்கியது. பொங்கலுக்குள் நேராகிவிட்டது.

புயலுக்குப் பிந்தைய அந்த ஐந்தாறு மாதம் ஓடியது போல அவள் வாழ்க்கையில் எப்போதும் ஓடியதில்லை. சிதம்பரத்துக்கும் கடலூருக்குமாக அலைந்து அலைந்து, பஸ் கண்டக்டர்கள் அவளுக்கு ஜன்னலோரச் சீட்டு ஒதுக்கும் அளவுக்குப் பழகிவிட்டார்கள். 2012 ஆனியில் சிதம்பரம் தெற்கு வீதியில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே, மாடியில் ஒரு அறை எடுத்தாள். சுவேதா என்ற பெண்ணை வேலைக்கு வைத்தாள். சென்னையில் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தவள்.

கடை திறந்த மூன்றாம் நாள் ஒரு இளம் ஜோடி படியேறி வந்தது. இருவரும் தையல்காரர்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள். கீரப்பாளையம் போகிற ரோட்டில் ஒரே அறையும் ஒரு சமையல் மூலையும் உள்ள வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். அதற்குள் இரண்டு தையல் மெஷின், துணி வெட்ட ஒரு மேஜை, படுக்க இடம், எல்லாம் வேண்டும்.

"இன்னொன்னும் இருக்குங்க" என்றான் அந்தப் பையன் தயக்கத்தோடு. "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னு ஓனர் சொல்லிட்டாரு."

சுவேதா இளமதியைப் பார்த்தாள். இவ்வளவு சின்ன வேலையை எடுக்கத்தான் வேண்டுமா என்று அந்தப் பார்வையில் இருந்தது. இளமதி அதைக் கவனிக்கவில்லை. அவள் அந்தப் பெண்ணிடம், "துணி வெட்டறது நின்னுக்கிட்டா, உக்காந்துக்கிட்டா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவரு நின்னுக்கிட்டு. நான் உக்காந்துதான்."

"அப்ப மேசை ஏறி எறங்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள் இளமதி. "படுக்கறதும் அது மேலயே வெச்சிக்கலாம்... இல்ல, துணி அழுக்காவும்." டேப்பைக் கைப்பையில் போட்டாள். "வீடு இப்ப தொறந்திருக்கா? வாங்க, போயி பாத்துடலாம். சுவேதா, நீயும் வா. கடைய சாத்திடு."

நாலு பேரும் படியிறங்கி வெயிலுக்குள் வந்தார்கள். கீரப்பாளையம் போகிற டவுன் பஸ் முனையில் திரும்பிக்கொண்டிருந்தது. இளமதி கையைக் காட்டிக்கொண்டே முன்னால் ஓடினாள்.